இடப்பக்கத்துப் பந்துகள்

மாஸ்டர் என்றால் டான்ஸ் மாஸ்டரோ தையல் மாஸ்டரோ இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். கடைத்தெருவில் இருக்கிற டிரைவிங் ஸ்கூலில், ஸ்டியரிங் இல்லாத இடப்பக்கத்து சீட்டிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் யாரும் அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு வயது வந்ததும் அவரிடமே கூட்டிவந்து சேர்த்தார்கள். கண்ணாடி பார்க்காமல் திரும்புகிற ஆள் தலைகீழாக நின்றாலும் மாஸ்டர் டெஸ்டுக்கு அனுப்ப மாட்டார். அந்த விஷயத்தில் மட்டும் மனிதர் கறார். மற்றபடி அவர் வாயைத் திறப்பதே அபூர்வம்.

வாயெல்லாம் மனைவிக்குத்தான். அவள் டைப்ரைட்டிங் வகுப்பு எடுத்தவள். விசைகளைக் குனிந்து பார்க்கிற பிள்ளைகளின் கைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, மேஜையில் ஸ்கேலால் தட்டித் தாளம் போடுவாள். தாளத்துக்கு எழுத்து விழ வேண்டும், விழாவிட்டால் வாயில் வந்தது எல்லாம் விழும். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அவள் ஒருத்தியே நாலு பேர் சத்தம் போடுவாள். மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டு காலம் தள்ளினார்.

ஒருநாள் காலையில் குளிக்கப் போனவள் வெளியே வரவில்லை. கதவை உடைத்துத்தான் தூக்கினார்கள். மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். உயிர் தப்பியது, பேச்சு தப்பியது, நடையும் தத்தித் தத்தித் திரும்பி வந்தது. இடது பக்கம் மட்டும் திரும்பி வரவில்லை.

கண்ணில் கோளாறு எதுவும் கிடையாது. ஆனால் தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதானா? இன்னும் கொஞ்சம் போட்டா கொறஞ்சா போயிடுவீங்க?" என்பாள். மாஸ்டர் தட்டை அரைவட்டம் திருப்பி வைப்பார். மீதிச் சோறு கண்ணுக்குத் தெரிந்ததும் எதுவும் நடக்காதது போலச் சாப்பிடுவாள். தலையில் ஒரு பக்கம் மட்டும் சீவிக்கொள்வாள். ஒற்றைச் செருப்போடு வாசலுக்குக் கிளம்பிவிடுவாள். இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் வலப்பக்கம் திரும்பித் தேடுவாள். அங்கே ஆள் இல்லையென்றால், "கூப்பிட்டுட்டு எங்க போய்த் தொலையறீங்க?" என்று கத்துவாள்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த தெரபிஸ்ட் அம்மா பொறுமையாகத்தான் சொன்னாள். "பார்வை நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவங்க மனசுக்கு இப்ப தெரியல. இல்லாத இடத்தை யாரு போய்த் தேடுவாங்க? அவங்களாவே அந்தப் பக்கம் திரும்பற பழக்கம் வரணும். நீங்க எப்பவும் இடது பக்கமாவே உக்காருங்க."

மாஸ்டர் சரி என்றார். அந்தப் பக்கம் உட்காருவது அவருக்கு என்ன புதிதா?

இதையெல்லாம் கேட்டபோது அவருக்கு உள்ளே எதுவுமே தோன்றவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. பயம் வரும் என்று நினைத்தார், அதுவும் வரவில்லை. வீடு பெருக்கினார், துணி துவைத்தார், அவளுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தார். பல் பிடுங்கப் போட்ட ஊசியில் கன்னம் மரத்துப்போகுமே, அப்படி ஆள் முழுக்க மரத்துப்போயிருந்தார். பார்க்க வந்தவர்கள், "எவ்வளவு தைரியமா இருக்கார் பாரு" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். பாராட்டும் உறைக்கவில்லை.

மனைவியின் அக்கா மட்டும் பாராட்டவில்லை. அவள் வேறு ஊர்க்காரி, விதவை, எதையும் போட்டு உடைக்கிறவள். வந்த அன்றைக்கே அடுப்படியில் ஒரு காட்சியைப் பார்த்தாள். தங்கை டீ போட்டுக்கொண்டிருக்கிறாள். இடப்பக்கத்து அடுப்பு பாத்திரம் இல்லாமல் எரிந்துகொண்டிருக்கிறது. தங்கையின் இடது கை அந்த நெருப்புக்கு ஒரு சாண் தள்ளி, யாருடையதோ போலக் கிடக்கிறது. அக்கா பாய்ந்து அடுப்பை அணைத்தாள். பிறகு கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. மாசக் கடைசியோட உங்க லீவு முடியுது. அப்புறம் இவளை யாரு பாத்துக்கறது? நான் கூட்டிட்டுப் போயிடறேன். என் வீட்ல எந்நேரமும் ஆள் இருக்கு."

"நான் எங்கயும் வரமாட்டேன். எனக்கு வீடு இல்லையா?" என்றாள் மனைவி.

"அப்ப இடது பக்கத்தைத் திரும்பிப் பாரு. பாத்துட்டா நான் ஏன்டி கூப்பிடப் போறேன்?"

ஏதோ தங்கை வீம்புக்குத்தான் பார்க்காமல் இருக்கிற மாதிரி. அக்கா ஊருக்குப் போய்விட்டாள். ஆனால் தினமும் போனில் கேள்வி வந்தது. திரும்பினாளா, இல்லையா? மாஸ்டர் உள்ளதைச் சொன்னார். இல்லை.

ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் இதற்கென்றே ஒரு விளையாட்டு உண்டு. திரையில் அங்கங்கே வெளிச்சம் வரும், பார்த்ததும் பொத்தானை அமுக்க வேண்டும். தினமும் செய்தால் நல்லது. ஆனால் வாரத்தில் ஒருநாள்தான் முறை வரும், வீட்டுக்கும் கொடுக்க மாட்டார்கள். இதை மாஸ்டர் கிளட்சிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கிளட்ச் என்பது டிரைவிங் ஸ்கூல் வைத்த பெயர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். காரில் உட்கார்ந்தால் கிளட்சிலிருந்து காலை எடுக்க மாட்டாள். டெஸ்டில் எத்தனை முறை தோற்றாள் என்பதை அவளே எண்ணுவதை விட்டுவிட்டாள். மாஸ்டர் எப்போது வேலைக்குத் திரும்புவார் என்று விசாரிக்க வந்தவள், கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"இதை நீங்களே செஞ்சுக்கலாமே மாஸ்டர். கேம் எஞ்சின்னு ஒண்ணு இருக்கு. விளையாட்டு செய்யறதுக்கான சாஃப்ட்வேர். இலவசம். உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து எழுதினது, உள்ள என்ன இருக்குன்னு யார் வேணா திறந்து பாக்கலாம், மாத்தலாம்."

"நானா?"

"எனக்கே கியர் மாத்தச் சொல்லிக்கொடுத்தீங்க. அதை விடவா இது கஷ்டம்?"

வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. எஞ்சினின் புதுப் பதிப்பு அதில் மூச்சு முட்டி நின்றது. கிளட்ச் ஒரு பழைய பதிப்பை ஏற்றிக் கொடுத்து, ஆரம்பப் பாடங்கள் இருக்கிற பக்கத்தைக் காட்டிவிட்டுப் போனாள்.

மத்தியானம் மனைவி தூங்கும் நேரத்தில் மாஸ்டர் உட்கார்ந்தார். முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்த எஞ்சினில் எல்லாமே ஒரு மரத்தில் தொங்குகிற உறுப்புகள். பந்து என்றால் பந்து மட்டும் இல்லை. பந்தின் படம் ஓர் உறுப்பு, அது எதன்மீதாவது மோத வேண்டுமென்றால் அதற்கு ஒரு வடிவம் இன்னோர் உறுப்பு. மாஸ்டர் ஒரு மஞ்சள் பந்தைச் செய்தார், கீழே ஒரு பச்சைத் தரையைப் போட்டார், ஓடவிட்டார். பந்து விழுந்தது, தரை வழியாகவே புகுந்து எங்கேயோ பாதாளத்துக்குப் போய்விட்டது. மறுபடி ஓடவிட்டார், மறுபடி போனது. இரண்டு மத்தியானம் இப்படியே பந்தைத் தொலைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் பார்த்தால், தரை என்ற பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் முக்கோணம், நடுவில் ஓர் ஆச்சரியக்குறி. எச்சரிக்கை! தரைக்கு மோதும் வடிவம் கொடுக்கவில்லையாம். ரோட்டோரத்து எச்சரிக்கைப் பலகையைப் பார்க்காதவர்களை வண்டியிலிருந்து இறக்கி நடக்கவிட்ட மாஸ்டருக்கு இந்தக் கதி.

வேறொரு நாள் பந்தை நேரே மேலே ஏற்றுவதற்காக அதன் இடத்தைச் சொல்லும் எண்ணைக் கூட்டினார். பந்து கீழே இறங்கியது. அந்த எஞ்சினில் எண்ணிக்கை திரையின் இடது மேல் மூலையிலிருந்து தொடங்கி, கீழ்நோக்கிக் கூடும் என்று பாடத்தில் போட்டிருந்தது. புதிதாக எதைச் செய்தாலும் அது முதலில் அந்த இடது மூலையில்தான் பாதி மறைந்து வந்து நிற்கும். தூங்கி எழுந்த மனைவி எட்டிப் பார்த்து, "காலி ஸ்கிரீனை வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?" என்றாள். மாஸ்டர் பந்தை நடுவுக்கு நகர்த்தினார்.

மாதம் பாதி போனபோது விளையாட்டு ஒரு வழியாக ஓடியது. விழுவதும் மோதுவதும் வேண்டாமென்று விட்டுவிட்டார். வெள்ளைத் திரை, இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோட்டைத் தேடிப் பிடித்துவிட்டால் இடது பக்கம் பிடிபட்டது என்று அர்த்தம், இது தெரபிஸ்ட் அம்மாவின் யோசனை. திரையில் எங்காவது ஒரு மஞ்சள் பந்து வரும், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மறையும். மறைவதற்குள் விசையை அமுக்கினால் ஒரு மதிப்பெண். விட்டுவிட்டால் 'டொக்' என்று சத்தம். பந்து இல்லாதபோது சும்மா அமுக்கினால் ஒரு மதிப்பெண் போய்விடும். பந்து எங்கே வரும், எவ்வளவு நேரம் கழித்து வரும் என்பதை எஞ்சினே குலுக்கிப் போட்டு முடிவு செய்யும்படி எழுதியிருந்தார்.

முதல் நாள் வலப்பக்கத்துப் பந்து ஒன்றையும் அவள் விடவில்லை. இடப்பக்கத்துப் பந்து ஒன்றையும் பிடிக்கவில்லை. டொக், டொக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. மாஸ்டர் அவளுடைய இடப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "கோட்டைப் பாரு, செவப்புக் கோடு," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"கோடும் இல்ல, கீடும் இல்ல. போட்டுக் குடுத்துட்டு நீங்க பாட்டுக்கு அடுப்படிக்குப் போயிடுங்க, அங்கேர்ந்து கத்துங்க," என்றாள் அவள், வலப்பக்கம் இருந்த அடுப்படிக் கதவைப் பார்த்து.

"இங்கதான் இருக்கேன்."

"ஆமா, இருந்தீங்க."

அடுத்த வாரம் நிலைமை மாறியது. இடப்பக்கத்துப் பந்து ஒன்றிரண்டு பிடிபட்டது. நாலைந்து நாளில் பாதி. பிறகு டொக் சத்தம் எப்போதாவதுதான் கேட்டது. மாஸ்டர் மதிப்பெண்ணைப் பார்த்தார். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. அதை எங்கிருந்து எடுப்பது என்றுதான் தெரியவில்லை. அக்காவுக்குப் போன் செய்து, நேற்றைய செய்தியை வாசிப்பது போல விஷயத்தைச் சொன்னார்.

"நெஜமாவா தம்பி? ஞாயித்துக்கிழமை வரேன். என் கண்ணால பாத்துட்டா அப்புறம் நான் வாயே திறக்கல."

தட்டில் இடது பாதி அப்போதும் மிச்சம்தான் இருந்தது. மாஸ்டர் அதைக் கவனித்தார். விளையாட்டில் வந்தது தட்டுக்கு வர நாளாகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கண்ணாடி பார்க்காதவனிடம் அவர் ஒருநாளும் இப்படிச் சமாதானம் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை, விளையாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பால் பொங்கப் போகிறதே என்று அடுப்படிக்குப் போனார். திரும்பி வந்தவர் கதவருகிலேயே நின்றுவிட்டார். அவள் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன. கால் கட்டைவிரல் தரையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. விரல் விசையை அமுக்கியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அமுக்கியது. திரையில் மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. டொக் என்று ஒரு சத்தம் இல்லை.

அவர் அடுப்படிக்கே திரும்பிப் போய் கிளட்சுக்குப் போன் போட்டார். அவர் எழுதியிருந்த வரிகளை வாசிக்கச் சொல்லி அவள் கேட்டாள். பிறகு தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது.

"மாஸ்டர், ஆரம்பத்துல ஒரு தடவை கலைச்சுப் போடச் சொல்லணும். சீட்டுக்கட்டு மாதிரி. புதுப் பதிப்புல அதுவே கலைச்சுக்கும். இது பழசு, நாம சொல்லலேன்னா ஒவ்வொரு தடவையும் அதே வரிசை, அதே நேரம்தான் வரும். ஒரே ஒரு வரி. புதுசா ஆரம்பிக்கற எல்லாரும் விடற வரிதான்."

எந்தப் பந்து எப்போது வரும் என்பதை அவள் மனப்பாடம் செய்திருக்கிறாள். டொக் என்ற சத்தத்தை வைத்து, இந்த இடத்தில் ஏதோ ஒன்று வந்து போகிறது என்று காதாலேயே கணக்குப் போட்டு, தாளமாகப் பிடித்துவிட்டாள். மாஸ்டர் கூடத்துக்கு வந்து இடப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உனக்கு எடது பக்கத்துல பந்து தெரியுதா?"

அவள் அடுப்படிக் கதவைப் பார்த்தாள். அப்புறம் தன் கையைப் பார்த்தாள்.

"தெரியல. நீங்க எல்லாரும் இருக்குங்கறீங்க. எனக்கு அங்க ஒண்ணுமே இல்லைங்க. எப்ப அமுக்கணும்னு மட்டும் தெரியும்." அவள் குரல் இறங்கியது. "அக்கா ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போகட்டும். அது வரைக்கும் இப்படியே விட்டுடுங்க. நான் அங்க போகமாட்டேன். உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

இத்தனை வருஷத்தில் அவள் அவரை அதட்டியிருக்கிறாள், மிரட்டியிருக்கிறாள், கெஞ்சியதில்லை. மாஸ்டர் "சரி" என்றார். சொன்னபோது அப்படியே விட்டுவிடுவதாகத்தான் எண்ணம்.

ஆனால் மறுநாள் மத்தியானம் அவள் தூங்கும்போது லேப்டாப்பைத் திறந்தார். அக்கா கைதட்டிவிட்டுப் போய்விடுவாள். திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போய்விடுவார். இவள் தனியாக டீ போடப் போவாள், இடப்பக்கத்து அடுப்பு எரியும். நெருப்பு எப்போது வரும் என்பதை யாரும் மனப்பாடம் செய்துவிட முடியாது. கற்றுக்கொள்கிறவர் கையில் ஸ்டியரிங் இருக்கும்போதே மாஸ்டரின் கால் தன் பக்கத்து பிரேக்கை அமுக்கிவிடும், யோசித்து அமுக்குவதில்லை. அப்படித்தான் அந்த ஒரு வரியை எழுதினார். வருத்தம்கூட வரவில்லை. சேமித்துவிட்டு மூடினார். அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், அது நமக்குத் தெரிகிறது. வாயைத் திறக்கத் தெரியாத மனிதருக்கு அது வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். கையில் ஒரு பெரிய காலிப் பையும் இருந்தது. தங்கையின் துணிமணிக்கு என்று யாரும் கேட்காமலே புரிந்தது. மனைவி அன்றைக்கு நன்றாக உடுத்திக்கொண்டு, கம்பீரமாக மேஜைமுன் உட்கார்ந்தாள். தலையின் இடப்பக்கத்தை மாஸ்டர் சீவிவிட்டிருந்தார். அக்கா வலப்பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டாள். மாஸ்டர் இடப்பக்கம் உட்கார்ந்து விளையாட்டைத் தொடங்கினார்.

"பாரு நல்லா," என்றாள் மனைவி அக்காவிடம். விரலை விசையில் வைத்தாள்.

முதல் அமுக்கிலேயே மதிப்பெண் ஒன்று குறைந்தது. அவள் புருவம் சுருங்கியது. டொக். மறுபடி அமுக்கினாள், மறுபடி குறைந்தது. டொக். வலப்பக்கம் ஒரு பந்து வந்தது, அதைப் பிடித்தாள். டொக். டொக். கால்விரல் தட்டுவது நின்றது. அக்கா மடியிலிருந்த பையை மடித்தாள், பிரித்தாள்.

மனைவியின் கை விசையிலிருந்து விலகியது.

"மாத்திட்டீங்களா?"

மாஸ்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கேக்கறேன்ல? மாத்திட்டீங்களா?" அவள் அடுப்படிக் கதவைப் பார்த்துக் கத்தினாள். கதவில் ஆள் இல்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அதைத் தாண்டிப் பின்னால் பார்த்தாள். அங்கேயும் ஆள் இல்லை. "எங்க போய் ஒளிஞ்சுக்கிட்டீங்க? சரின்னு சொன்னீங்களே! வாக்குக் குடுத்துட்டு இப்படிப் பண்றதுக்கு வெக்கமா இல்ல? எதிர்ல வாங்க, மூஞ்சியைப் பாத்துக் கேக்கணும்!"

அக்கா வாயைத் திறக்கப் போனாள். மாஸ்டர் கையைக் காட்டி வேண்டாம் என்றார். அவருக்கே ஏன் என்று தெரியாது.

மனைவியின் முகம் கோபத்தில் சிவந்திருந்தது. தலை அக்காவிடமிருந்து திரும்பியது. திரையின் வலது ஓரத்துக்கு வந்தது, நடுவுக்கு வந்தது. வழக்கமாக அங்கேதான் அவள் உலகம் முடிந்துவிடும். அன்றைக்கு அங்கே நிற்கவில்லை. திட்ட வேண்டிய ஆள் இன்னும் கிடைக்கவில்லையே! கழுத்து நடுங்கிக்கொண்டே இன்னும் கொஞ்சம் திரும்பியது. கண் சிவப்புக் கோட்டைத் தொட்டது, அதைச் சட்டையே செய்யாமல் தாண்டியது. மேஜையின் விளிம்பு, நாற்காலியின் கை, ஒரு சட்டைப் பொத்தான். அங்கிருந்து மெல்ல மேலே ஏறி மாஸ்டரின் முகத்தில் வந்து நின்றது.

கத்துவதற்குத் திறந்த வாய் அப்படியே இருந்தது. அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மழிக்காத தாடியை, குழி விழுந்த கண்ணை, பொத்தான் மாற்றிப் போட்டிருந்த சட்டையை.

"இங்கயா இருந்தீங்க?"

"இங்கதான் இருந்தேன்."

"இத்தனை நாளுமா?"

மாஸ்டர் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார். சொல் வரவில்லை. மாதக்கணக்கில் எங்கேயோ போய் உட்கார்ந்திருந்த அழுகை வந்தது. அக்கா இருக்கிறாளே என்றுகூடப் பார்க்காமல், அந்தக் கறார் மனிதர் முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதார்.